அபாயாவுக்குப் பறக்காத பூநாரைகள்

“இன்னும் ஆர் வரேல்ல?”

எங்கள் வகுப்பில் இதை ஒரு மாணவிதான் கேட்பார். போதனாசிரியர் வரவு இடாப்பில் பெயர்களைக் கூப்பிட்டு முடித்து, அதை மூடி மேசையில் வைத்த பிறகு, முன் வாங்கிலிருந்து திரும்பிக் கடைசி வாங்குவரை ஒருமுறை பார்ப்பார். வராதவர் ஏன் வரவில்லை என்பது அன்று மத்தியானத்துக்குள் அவருக்குத் தெரிந்துவிடும். காய்ச்சலா, பஸ் இல்லையா, வீட்டில் சண்டையா என்று விசாரித்துவிடுவார். சிலருக்கு அது தொல்லையாக இருந்தது. ஒருநாள் வகுப்புத் தோழன் குமரன் கேட்டான்:

“நீர் என்ன, கல்விக் கந்தோரிலை இருந்து வந்தனீரோ?”

“இல்ல, சிலாவத்துறையில இருந்து வந்தனான். ரெண்டு பஸ் மாறி.”

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. கேட்டு அனுமதி வாங்க இப்போது வழியில்லை. கலியாணம் முடித்துப் போய்விட்டார் என்றும், இல்லை, எங்கோ படிப்பிக்கிறார் என்றும் இரண்டு தகவல்கள் வந்தன. இரண்டையும் நான் சரிபார்க்கவில்லை. நான் எழுதுவது எங்கள் ஒரு வருடத்தைப் பற்றி மட்டும். மன்னார் நகரில் ஒரு பயிற்சி நிலையத்தில் கணினியும் மின்னணுவியலும் சேர்த்துக் கற்பித்த வகுப்பு அது. நான் பேசாலையிலிருந்து சைக்கிளில் போனேன். வகுப்பில் மற்றவர்களைவிட மூன்று வயது மூத்தவன். சிறு வயதிலிருந்தே நாட்குறிப்பு எழுதுகிறவன் என்பதால் அந்த ஆண்டின் ஒவ்வொரு கிழமைக்கும் என்னிடம் குறிப்பு இருக்கிறது. அவர் என்னைப் ‘பதிவாளர்’ என்றுதான் கூப்பிடுவார்.

“பதிவாளர், மணியப் போட்டீங்களா?”

“போட்டிட்டன்.”

“காத்து?”

“வாடை. அதுவும் போட்டிட்டன்.”

“அப்ப நாங்க இருந்தது உண்மைதான்.”

அவர் புத்தளத்தில் பிறந்தவர். போர்க்காலத்தில் வெளியேற்றப்பட்ட மக்கள் மீளக் குடியேறிய காலத்தில் உம்மா வாப்பாவோடு சிலாவத்துறைக்கு வந்தவர். புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் தவணை முழுக்கத் தன் பெயர் இடாப்பில் இல்லை என்று ஒருமுறை சொன்னார். பழைய பள்ளியிலிருந்து கடிதம் வந்து சேரவில்லையாம். ஆசிரியை ஒவ்வொரு நாளும் பெயர்களைக் கூப்பிட்டு முடிப்பாராம். இவர் ஒவ்வொரு நாளும் கதிரையில் இருப்பாராம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்துவிட்டு எழுதி வைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் எங்களுக்குச் செயற்றிட்டம் கொடுத்தார்கள். கணினி நிரல், உணரி, இயற்கை மூன்றும் சேர்ந்த ஒரு கலைப்படைப்பு. பார்க்க வருபவர் சும்மா பார்த்துவிட்டுப் போகாமல் அதற்குள் ஒரு பங்காளியாக வேண்டும். மூன்று பேர் ஒரு குழு. எங்கள் குழுவில் அவர், நான், அடம்பனிலிருந்து வந்த குமரன். குமரன் வயல்காரர் வீட்டுப் பிள்ளை. நிரல் எழுதுவதில் எங்கள் வகுப்பில் அவனை மிஞ்ச ஆளில்லை.

பூநாரைகளை எடுத்துக்கொண்டோம். மாரி தொடங்கினால் வங்காலைப் பக்கத்துக் கடலோரக் களப்பில் வந்து இறங்கும் பறவைகள். ஒரு பெரிய வெள்ளைத் திரை. அதில் களப்பும் மேய்கிற பறவைகளும். பறவைகளை நாங்கள் படமாக எடுத்து ஓட்டவில்லை. ஒவ்வொரு பறவைக்கும் குமரன் சின்னச் சின்ன விதிகள் எழுதினான்: பக்கத்துப் பறவையோடு நில், ஆனால் முட்டாதே, அது போகிற திசையில் போ. இவ்வளவையும் கொடுத்துவிட்டால் கூட்டம் தானாகவே உருவாகிறது. இதைப் பற்றி நான் புத்தகங்களில் வாசித்திருந்தேன். ஆனால் திரையில் முதல் தடவை அவை திரும்பியபோது மூன்று பேரும் கதிரையிலிருந்து எழுந்துவிட்டோம். திரைக்கு முன்னால் ஓர் ஒலி உணரி. அது காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பும். எதிரில் ஆள் நின்றால் ஒலி பட்டுத் திரும்பி வரும். திரும்பி வரும் நேரத்தை வைத்து ஆள் எவ்வளவு கிட்ட வந்துவிட்டார் என்று கணினி அறியும். ஆள் கிட்ட வந்தால் பறவைகள் தலை தூக்கும். இன்னும் கிட்ட வந்தால் பறந்துவிடும்.

குமரன் எல்லாப் பறவைகளுக்கும் ஒரே இளஞ்சிவப்பைப் போட்டிருந்தான். அவர் திரையைப் பார்த்தார்.

“சாம்பல் நிறமானதுகள் எங்க?”

“எது சாம்பல்?”

“குஞ்சுகள். அதுகள் சிவப்பாகிறதுக்கு வருசக்கணக்காகும். நேத்துக் களப்புல நீங்களும்தானே பாத்தீங்க.”

“பாத்தனான்தான். படத்துக்குச் சிவப்பு வடிவு.”

“அப்ப குஞ்சுகள் வரக்கூடாதா?”

குமரன் சாம்பல் குஞ்சுகளை எழுத ஒன்றரை நாள் ஆனது. அது முடிந்த பிறகு, கூட்டம் எழும்பும்போது கடைசியாக எழும்புகிற ஒரு பறவையும் வேண்டும் என்றார். களப்பில் அவர் ஒவ்வொரு முறையும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். எல்லாம் போன பிறகும் ஒன்று தண்ணீருக்குள் தலையோடு நிற்கும். பிறகு திடுக்கிட்டு ஓடி எழும்பும். குமரன் என்னிடம், “இவவோடை சேர்ந்தால் ஒண்டும் முடியாது மச்சான், ஆனால் பிழையெண்டும் சொல்லேலாமல் கிடக்கு” என்றான். திரைக்குச் சட்டம் அடித்துத் தந்த தச்சுப் பகுதிக்காரரின் பெயரையும் அறிமுகப் பலகையில் எழுத வேண்டும் என்று அவர் விடாப்பிடியாக நின்றார். பலகையை மீண்டும் எழுதினோம்.

இடையில் ஒரு சிக்கல் வந்தது. மார்கழியில் அருவியாறு பெருகி முசலிப் பக்கத்துப் பாதை மூடிக்கொண்டது. அவரால் இரண்டு கிழமைக்கு மேல் வர முடியவில்லை. பிறகும் பஸ் ஒழுங்காக ஓடவில்லை. தையில் போதனாசிரியர் அவரைக் கூப்பிட்டார். நானும் செயற்றிட்டப் பதிவேட்டோடு அங்கே நின்றேன்.

“பிள்ளை, உமக்கு வரவு காணாது. விதிப்படி நான் உம்மை ரெண்டாம் வருசத்துக்கு எடுக்கேலாது.”

“ஆறு பெருகினது சேர்.”

“தெரியும். ஆறு இடாப்பிலை இல்லையே. ஒரு வழிதான் இருக்கு. செயற்றிட்டத்திலை சித்தி எடுத்தால் நான் மேலிடத்துக்கு எழுதிச் சரிப்படுத்துவன். எடுக்காட்டி, வாற வருசம் முதல்லை இருந்து.”

அவர் தலையாட்டினார். வெளியே வந்து, முதல் வருடத்தை மறுபடி படிப்பதென்றால் வீட்டில் நிறுத்திவிடுவார்கள் என்று சொன்னார்.  சித்தி கிடைத்துத் தேறினால் படிப்பு உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மூன்று பேருக்கும் இது தெரியும்.

கண்காட்சி மாசியில், ஒரு வியாழக்கிழமை. அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை பின்னேரம் கடைசிச் சோதனை. மண்டபத்தில் அன்று இடம் இல்லாததால் வெளி விறாந்தையில் திரையைக் கட்டியிருந்தோம். முன்னைய சோதனைகளில் திரைக்கு முன்னால் நடந்தது எப்போதும் குமரனும் நானும்தான். அவர் மடிக்கணினிக்குப் பின்னால் இருந்து இலக்கங்களைச் சொல்வார், நான் எழுதுவேன். அன்று குமரன் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தான்.

அப்போது விறாந்தைக்குள் ஒரு கழுதை வந்தது. மன்னாரில் இது செய்தி அல்ல. வகுப்புக்குள்ளேயே வந்து நின்றிருக்கின்றன. அது நேராகத் திரைக்கு முன்னால் போய் நின்றது. பூநாரைகள் எல்லாம் தலை தூக்கி, ஒன்றாக எழும்பி, பறந்தன. கழுதை அதைப் பார்த்துக்கொண்டு நின்றது. நாங்கள் இருவரும் சிரித்தோம். நான் அதைத் துரத்திவிட்டு வந்தேன்.

“கழுதைக்கும் சரி. இன்னும் ஆர் நிக்கேல்ல?” என்றார்.

“நீர்தான்.”

அவர் எழுந்து போய்த் திரைக்கு முன்னால் நின்றார். கறுப்பு அபாயா, தலையில் சாம்பல் துணி. பறவைகள் மேய்ந்துகொண்டிருந்தன. இன்னும் ஓரடி கிட்டப் போனார். மேய்ந்துகொண்டேயிருந்தன. கையைத் தூக்கி ஆட்டினார். ஒன்று தலை தூக்கிவிட்டு மறுபடி குனிந்தது.

“பதிவாளர், கொஞ்சம் கணினியப் பாருங்க. நான் எவ்வளவு தூரத்துல நிக்கிறன்?”

பார்த்தேன். ஒருவரும் இல்லை என்று காட்டியது.

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. தொளதொளவென்று மடிப்பு விழுந்த மெல்லிய துணி ஒலியைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. காற்சட்டையில் படும் ஒலி திரும்பி வருகிறது, அபாயாவில் படும் ஒலி திரும்பவில்லை. திரும்பாத ஒலிக்கு ‘ஆள் இல்லை’ என்று குமரன் எழுதியிருந்தான். கூட்டமாக வந்தால் யாராவது ஒருவரில் பட்டு ஒலி திரும்பும், ஒருவருக்கும் தெரியவராது. அபாயா போட்டவர் தனியாக வந்து நின்றால்தான் தெரியும். நாலு மாதத்தில் அப்படி ஒருவர் தனியாக நின்றதேயில்லை.

“கழுதையத் தெரியுது, என்னத் தெரியேல்ல” என்றார். கோபம் இல்லை. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவரின் குரல்தான். “இத மாத்தணும். நிலத்துல மிதிபாய் மாதிரி ஒண்டு செய்வம். ரெண்டு அலுமினியத் தாள், நடுவுல ஓட்டை போட்ட ஸ்பொஞ்ச். மிதிச்சா ரெண்டு தாளும் முட்டும். ஆர் என்ன உடுத்தாலும் மிதிச்சுத்தானே நிக்கணும்? ஒரு நாள் தாங்க.”

நான் குழுத் தலைவன். கண்காட்சிக்கு ஒரு நாள்தான் இடையில் இருந்தது. ஓடுகிற ஒன்றைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றைப் பூட்டினால் எதுவும் நடக்கலாம். அவருக்குச் சித்தி வேண்டும் என்பதும் என் மனதில் இருந்தது.

“வியாழக்கிழமை வரைக்கும் இதிலை கை வைக்காதையும். மத்தியஸ்தருக்கு ஓடினால் காணும். பிறகு மாத்துவம். உம்மடை நன்மைக்குத்தான் சொல்லுறன்.”

திரையை விட்டு விலகி மடிக்கணினிக்குத் திரும்பினார்.

“சரி. ஆனா ஆரும் கேட்டா சொல்லுவன்.”

பதிவேட்டில் அன்று நான் எழுதியது: ‘செவ்வாய், பி.ப. 3.10. வாடைக்காற்று மிதமானது. சோதனை திருப்தி.’

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் புள்ளி போட இரண்டு மத்தியஸ்தர்கள் கண்காட்சி மண்டபத்துக்கு வந்தார்கள். ஒருவர் காற்சட்டை போட்ட ஓர் உயர் அதிகாரி. மற்றவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த விரிவுரையாளர், பருத்திச் சேலை கட்டிய பெண். இருவரும் சேர்ந்து நடந்து வந்தார்கள். பறவைகள் சொல்லிவைத்ததுபோல எழும்பின. சாம்பல் குஞ்சுகளை அதிகாரி கண்டு பாராட்டினார். கடைசிப் பறவை ஓடி எழும்பியதும் கூட நின்றவர்கள் கை தட்டினார்கள். விரிவுரையாளர் பதிவேட்டைப் புரட்டி, “இப்பிடி ஒழுங்காக எழுதின பதிவேட்டை நான் கண்டதில்லை” என்றார். எனக்கு அது பெரிய பாராட்டு.

அவர்கள் அடுத்த மேசைக்குத் திரும்பிய நேரத்தில் அவருடைய உம்மா வந்து சேர்ந்தார். சிலாவத்துறை பஸ் அப்போதுதான் வந்திருந்தது. கறுப்பு அபாயா, கையில் சாப்பாட்டுப் பொதி. திரைக்கு முன்னால் தனியாகப் போய் நின்றார். களப்பு அமைதியாக இருந்தது. பூநாரைகள் அவருக்கு முன்னால் மேய்ந்துகொண்டிருந்தன.

“மாஷா அல்லாஹ்” என்றார். “மகள், பாத்தியா? வாசல்ல இருந்து பாத்துக்கொண்டுதான் வந்தனான். எல்லாரயும் கண்டு ஓடினதுகள், என்னக் கண்டு ஓடல்ல. என்னத் தெரியும் போல.”

விரிவுரையாளர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “அம்மாவிலை ஒரு பாசம் போலை.”

குமரன் இடையில் புகுந்தான். “ஓம் மிஸ். அமைதியாக வாற ஆக்களுக்குப் பறக்காது. அப்பிடித்தான் எழுதியிருக்கிறம்.”

நல்ல பதில். விரிவுரையாளரின் பேனை அதை எழுதத் தொடங்கியும்விட்டது. 

“இல்ல மிஸ்” என்றார் மகள். “அது உம்மாவைக் காணேல்ல.”

“விளங்கேல்லை.”

“உம்மா நிக்கிறது அதுக்குத் தெரியாது. இந்த உடுப்புல ஒலி திரும்பாது. பிழை எங்கடது. நீங்களும் தனிய வந்து நிண்டு பாருங்க.”

விரிவுரையாளர் தனியாகப் போய் நின்றார். பருத்திச் சேலைக்கு ஒரே ஒரு பறவை தலை தூக்கியது, குனிந்துகொண்டது. அவர் பக்கவாட்டில் நகர்ந்தார், திரும்பி நின்றார். கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது.

“இது எப்ப உங்களுக்குத் தெரியும்?”

“செவ்வாய்க்கிழமை.”

விரிவுரையாளர் பதிவேட்டைத் திறந்து செவ்வாய்க்கிழமையை எடுத்தார். வாசித்தார். மகளைப் பார்த்தார்.

“இதிலை திருப்தி எண்டு கிடக்கு. நீர் இப்ப கண்டதை இப்ப சொல்லுறீரோ? அப்பிடியெண்டால் அதையும் சொல்லும். சோதிக்காமல் கொண்டுவந்த செயற்றிட்டத்துக்கு நான் சித்தி போடமாட்டன்.”

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், சொல்லவில்லை. உம்மாவுக்கு நடப்பது விளங்கவில்லை. சாப்பாட்டுப் பொதியை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார்.

“அவ சொன்னவ மிஸ்” என்றேன். “செவ்வாய் பின்னேரம் மூண்டு பத்துக்குச் சொன்னவ. எப்பிடித் திருத்துறது எண்டும் சொன்னவ. வேண்டாம் எண்டது நான். எழுதாமல் விட்டதும் நான்தான்.”

 விரிவுரையாளர் பதிவேட்டை மூடி என் கையிலேயே தந்தார்.

“மண்டபம் எத்தினை மணிக்குப் பூட்டுவினம்?”

“நாலரைக்கு மிஸ்.”

“நாலு மணிக்குத் தனிய வருவன். இது என்னைக் காண வேணும்.”

குமரன் கடைத்தெருவுக்கு ஓடி அலுமினியத் தாள் வாங்கி வந்தான். படம் வீழ்த்தும் கருவி வந்த பெட்டிக்குள் ஸ்பொஞ்ச் இருந்தது. உம்மா சாப்பாட்டுப் பொதியை எங்களிடம் பிரித்து வைத்துவிட்டு, கத்தரிக்கோலை வாங்கி ஸ்பொஞ்சில் ஓட்டை வெட்டினார். எங்கள் மூவரைவிடவும் அவருடைய ஓட்டைகள்தான் வட்டமாக இருந்தன. முதல் பாய் குமரன் மிதித்தால் மட்டும் வேலை செய்தது. ஓட்டைகளைப் பெரிதாக்கினோம். இரண்டாவது பாயில் தாள் கிழிந்தது. மூன்றாவதை முன், பின் என்று இரண்டு பகுதியாகச் செய்தோம்: பின்பகுதியை மிதித்தால் தலை தூக்கும், முன்பகுதியை மிதித்தால் பறக்கும். அதில் நான் காற்சட்டையோடு நின்றேன், பறவைகள் எழும்பின. குமரன் “முடிஞ்சுது!” என்றான்.

அவர் பக்கத்து மேசைகளுக்குப் போய் ஆள் கூட்டிவந்தார். வெள்ளை அங்கி போட்ட சிஸ்டர் ஒருவர் வந்து நின்றார். மண்டபம் கூட்டுகிற அம்மா துடைப்பத்தோடு நின்றார். நூலகத்திலிருந்து ஊன்றுகோலோடு ஒருவர் வந்தார். ஊன்றுகோல் ஓட்டைக்கு நேரே படாமல் தாள்கள் முட்டவில்லை. அந்த மூலையில் மறுபடி ஓட்டைகள் வெட்டினோம். ஒவ்வொருவருக்கும் நான் நேரம் எழுதினேன். சரிவராதவற்றையும் எழுதினேன்.

விரிவுரையாளர் நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தனியாகப் பாயில் ஏறினார். அத்தனை தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன. அவர் இன்னோர் அடி வைத்தார். கூட்டம் எழும்பித் திரையின் மேல் விளிம்பைத் தாண்டிப் போனது. கடைசியாக ஒன்று ஓடி எழும்பியது. அவர் சிரித்தபடி தாளில் எழுதினார்.

“செயற்றிட்டம் சித்தி. இவவைப் பற்றி உங்கடை சேருக்கு நான் தனிய ஒரு குறிப்பும் எழுதுவன்.” என் பக்கம் திரும்பினார். “பதிவேட்டுக்குப் புள்ளி குறைப்பன் தம்பி.”

குறைத்தார். குறைத்தது சரி.

அதற்குள் உம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் ஏறிவிட்டார். திரையில் பறவைகள் திரும்பி வந்து இறங்கியிருந்தன. அவர் கால் முன்பகுதியில் பட்டதும் எல்லாம் ஒன்றாகக் கலைந்து பறந்தன. உம்மா பின்வாங்கி மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அல்லாஹ்! இதென்ன? காலைல நல்லாத்தானே நிண்டதுகள்?”

“இப்பதான் உம்மா உங்களத் தெரியுது.”

உம்மாவுக்கு அது சமாதானமாக இல்லை. நாங்கள் பஸ் நிலையம் வரை கூடப் போனோம். ஐந்து மணிப் பஸ்ஸில் ஏறும்போதும் அவர் குமரனிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார்:

“பாவம், அதுகள்பாட்டுல மேஞ்சுகொண்டு நிண்டதுகள். அதுகளக் கலைச்சு விட்டதுக்கு ஒரு சித்தியாம் தம்பி!”